பாதியில் கூட்டி வந்தேன்... மீதியை அனுபவித்தேன்!

“புள்ளைக்குக் காதுகுத்து. அப்பன் ஆஸ்பத்திரியில கிடந்தா ஊர் என்ன பேசும்?”

என் மாமியார் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு வருடம் ஆகிறது. இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. காதுகுத்துக்கு வேண்டியது தாய்மாமன் மடி. அப்பா கூட இருந்தால் நல்லதுதான். ஆனால் அவர் இல்லாவிட்டால் குழந்தைக்குக் காதில் ஓட்டை விழாமலா போய்விடும்?

ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடிப்பழக்கத்துக்காகச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து பத்தாம் நாளே என் கணவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். “இன்னும் இருபது நாள் இருக்கணும்மா” என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். “எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்” என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். அவரும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். கை நடுக்கம் நின்றிருந்தது. இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டார். முகத்தில் தெளிவு. ‘இதற்கு மேல் என்ன வைத்தியம்?’ என்று நினைத்தேன்.

காதுகுத்து நல்லபடி நடந்தது. அடுத்த நாலாம் நாள் இரவு, கடையை மூடிவிட்டு வந்தவர் செருப்பைக் கழற்றத் தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வாடை சொல்லிவிட்டது.

சகோதரிகளே, நான் இதை எழுதுவது என் வீட்டுக் கதையைச் சொல்லி அனுதாபம் தேட அல்ல. நான் செய்த அதே தவறை, அதுவும் அன்பினாலேயே, எத்தனையோ மனைவிமார்களும் அம்மாக்களும் செய்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் தெரியும். அவர்களில் ஒருவராவது கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசித்தால், அதுவே போதும்.

கை நடுங்கினால் தொழில் இல்லை

என் கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, வார்னிஷ் கொடுத்துக் காய வைக்க வேண்டும். சுற்றுக் கணக்குத் தப்பினால் மோட்டார் திரும்பவும் எரிந்துபோகும். கையும் நிதானமாக இருக்க வேண்டும், மனசும் நிதானமாக இருக்க வேண்டும்.

முதலில் “உடம்பு வலிக்கு” என்று ஆரம்பித்தது. பிறகு வாரக் கடைசி. பிறகு தினமும். கடைசியில், காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும், கை நின்றால்தான் கம்பி சுற்ற முடியும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டார். வேலை செய்வதற்காகக் குடிக்கிறார் என்றே நானும் நம்பினேன்! அது நோயின் அடையாளம் என்பது எனக்குத் தெரியாது.

முதல் முறை பாதியில் திரும்பிய பிறகு நாங்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. கார்த்திகையில் மாலை போட்டார். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. வீடே கோவில் மாதிரி இருந்தது. ‘ஐயப்பா, இனி கவலையில்லை’ என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழையபடி...

சாமியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் உண்மையாகத்தான் இருந்தார். ஆனால் நாற்பத்தொன்பதாம் நாள் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு உறவுக்காரர் பொடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். “சாம்பார்ல கலந்து போடு, அவருக்கே தெரியாம குடியை மறந்துடுவார்” என்றார். நல்லவேளை, பயத்தில் நான் அதைக் கலக்கவில்லை. ஏன் நல்லவேளை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

“உலை கொதிச்சா சோறு வெந்துடுமா?”

ஒன்றரை வருடம் கழித்து, மார்கழியில், வேறொரு சிகிச்சை மையத்தில் அவரைச் சேர்த்தோம். அங்கிருந்த பெண் டாக்டரிடம் பழைய கதையை ஒளிக்காமல் சொன்னேன்.

“ஏம்மா, நீங்க சமைக்கிறவங்க. உலை கொதிச்சதைப் பார்த்து சோறு வெந்துடுச்சுன்னு இறக்கிடுவீங்களா?” என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிவதும் உண்டு. இது உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மாத்திரை கொடுத்து, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தயமின் என்ற வைட்டமின் பி-1 ஊசியும் போடுகிறார்கள். குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடாததால் இந்தச் சத்து குறைந்து, மூளையே பாதிக்கப்படலாம்.

இந்தக் கட்டம் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு ஆள் குணமானது போலத் தெரியும். நான் ஏமாந்த இடம் இதுதான்!

“பத்து நாள்ல நாங்க உடம்பைத்தான் சுத்தம் பண்ணினோம். கோபம் வந்தா என்ன செய்யறது, பணம் கையில வந்தா என்ன செய்யறது, கூட்டாளி கூப்பிட்டா எப்படி ‘வேணாம்’னு சொல்றது... இதெல்லாம் பத்தாம் நாளுக்கு மேலதான் ஆரம்பிக்கும். தூக்கமும் மனசும் ஒரு நிலைக்கு வரவே பல வாரம், சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும். அந்தச் சமயத்துலதான் நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க.”

எத்தனை நாள் இருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், டாக்டரிடமும் கேட்டேன். 1969 முதல் 1973 வரை அமெரிக்காவில் போதைமருந்துச் சிகிச்சைக்கு வந்த சுமார் 44,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1991 முதல் 1993 வரை இன்னொரு ஆராய்ச்சி, சுமார் 10,000 பேர். இவை இரண்டிலும் ஒரே விஷயம் தெரியவந்தது. 90 நாட்களுக்குள் சிகிச்சையை விட்டவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. 90 நாளைத் தாண்டியவர்களுக்கு, நாள் கூடக் கூட, பலனும் கூடியது.

“தொண்ணூறு நாளா!” என்று மலைக்க வேண்டாம். அத்தனை நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுத்திருக்க வேண்டும் என்பதல்ல. சில நாள் உள்ளே தங்குவது, மற்ற நாள் வீட்டிலிருந்து போய் வருவது, எல்லாம் சேர்ந்த கணக்கு. முக்கியம் என்னவென்றால் தொடர்பு அறுந்துபோகக் கூடாது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “மனஉறுதி உள்ளவங்கதானே டாக்டர் நாள் கணக்கா தங்குவாங்க? அதனாலதான் அவங்களுக்குக் குணமாகுதோ என்னவோ?”

டாக்டர் சிரித்தார். “நல்ல கேள்வி. அதுவும் கொஞ்சம் உண்மைதான். ஆனா உறுதிங்கிறது பொறக்கும்போதே கொண்டு வர்றதில்லை. முதல் வாரம் ‘என்னை விட்டுடுங்க’ன்னு கத்தினவங்க, நாலாம் வாரம் புதுசா வந்தவருக்குத் தைரியம் சொல்லிட்டிருப்பாங்க. தங்கினதாலதான் அந்த உறுதி வந்தது.”

இன்னொன்றும் சொன்னார். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் நான்கு நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்களாம். சிகிச்சைக்குப் பின் ஒரு வருடத்துக்குள் திரும்பவும் போதைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர். கேட்டதும் என் வயிற்றைக் கலக்கியது. ஆனால் இரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்கு 50 முதல் 70 பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்ப முற்றி வைத்தியம் தேவைப்படுகிறது என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. பி.பி. ஏறிவிட்டால் ‘இந்த ஆள் உருப்பட மாட்டார்’ என்று நாம் சொல்கிறோமா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறோம். இங்கும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் வந்த போன்

இரண்டாம் முறை சேர்த்தபோதே கவுன்சலர் என்னைத் தயார் செய்துவிட்டார். “உடம்பு தெளிஞ்சதும் வீட்டுக்குப் போகணும்னு கேட்பார். நியாயமான காரணமாத்தான் சொல்வார். அப்ப நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க.”

சொன்ன மாதிரியே ஒன்பதாம் நாள் போன் வந்தது.

“எனக்கு இப்ப நல்லாயிடுச்சு. கடையில நாலு மோட்டார் கிடக்கு. வாடகை குடுக்கணும். வந்து கூட்டிட்டுப் போயிடு.”

எல்லாம் உண்மை. கடையில் நாலு மோட்டார் கிடந்தது. வாடகை பாக்கி இருந்தது. என் தொண்டை அடைத்தது.

“வாங்கன்னு சொல்ல எனக்கும் ஆசைதாங்க. ஆனா போன தடவை நான் பண்ணின தப்பை இந்தத் தடவை பண்ண மாட்டேன். கடையை அண்ணன் பார்த்துக்கறார். வாடகைக்குக் கடைக்காரர்கிட்ட நானே போய்த் தவணை கேட்டுட்டேன். நீங்க முப்பது நாள் முடிச்சுட்டு வாங்க.”

பட்டென்று போனை வைத்துவிட்டார். அன்றைக்கு முழுக்க நான் அழுதேன். என் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதுகுத்து ஞாபகம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். “நீ சொன்னதுதான் சரி. அழாதே” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய பலம்.

முப்பதாம் நாள் வீட்டுக்கு வந்தவரிடம் ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு தடவை, அடுத்த மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை வர வேண்டும். அந்தத் தேதிகளையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டேன். நானும் கூடவே போனேன்.

“எப்போது வருவதை நிறுத்தினீர்கள்?”

எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை.

ஆறு மாதம் ஒழுங்காக இருந்தார். கடையில் வேலை குவிந்தது. “இந்தத் தடவை போகலைன்னா என்ன?” என்றார். நானும் விட்டுவிட்டேன். அடுத்த தடவையும் அப்படியே போயிற்று. ஆடி மாதத்தில் ஒரு கூட்டாளி வீட்டு விசேஷத்துக்குப் போனவர் குடித்துவிட்டு வந்தார்.

எனக்கு உலகமே இருண்டது. ஆனாலும் மறுநாள் காலையில் சண்டை போடவில்லை. “கிளம்புங்க, போகலாம்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

‘ஏன் குடித்தாய்?’ என்று கவுன்சலர் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “எப்ப இங்க வர்றதை நிறுத்தினீங்க?”

என் கணவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். இரண்டு கட்டம் காலியாக இருந்தது. “அப்பவே தொடங்கிடுச்சு சார்” என்றார் அவரே.

குடித்தது ஒரு நாள் ராத்திரி. ஆனால் சறுக்கல் அதற்கு முன்பே, ‘இனிமேல் தேவையில்லை’ என்று நினைத்த நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. திரும்பவும் வாரம் ஒரு தடவை போக ஆரம்பித்தோம். வரும் ஆடி வந்தால், அவர் குடிக்காமல் நாலு வருடம் முடிகிறது.

நமக்கும் வைத்தியம் தேவை

நம் சென்னையிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. திருமதி சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடியினால் இழந்தவர். அந்தத் துக்கத்தோடு முடங்கிவிடாமல், 1980-ல் டி.டி.ரங்கநாதன் பெயரிலேயே குடிநோய்க்குச் சிகிச்சை தரும் அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊரறிந்த பெயர். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் சேர்த்து வழிகாட்டுவது அங்கே ஒரு முக்கியமான அம்சம்.

1935-ல் அமெரிக்காவில் குடிநோயாளிகளே கூடி ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஏ.ஏ. கூட்டம் என்று சொல்வார்கள். நம் ஊர்களிலும் நடக்கிறது, கட்டணம் கிடையாது. அவர்களுடைய குடும்பத்தாருக்கென்றே 1951-ல் ‘அல்-அனான்’ என்ற குழு உருவானது. குடிப்பவர் திருந்தும் வரை காத்திராமல், நாம் முதலில் நம் மனசைத் தேற்றிக்கொள்ள இது உதவும்.

2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு ஒன்று சொல்வதைக் கேளுங்கள். நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர்! அவ்வளவு பாடுபட்டு வாசல் வரை வந்தவரைப் பாதியில் திருப்பி அழைத்துப் போகலாமா?

நான் கற்றுக்கொண்டவை

1. தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். டாக்டரின் கண்காணிப்பு வேண்டும்.

2. சேர்ப்பதற்கு முன்பே விசேஷங்கள், வாடகை, கடை, பள்ளிக்கூடப் பணம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். பாதியில் கிளம்புவதற்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

3. “வீட்டுக்குக் கூட்டிப் போ” என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். முதலில் டாக்டரிடமும் கவுன்சலரிடமும் பேசுங்கள். தூக்கம் வராதது, மாத்திரை ஒத்துக்கொள்ளாதது போன்ற காரணம் இருந்தால் அவர்களால் சரிசெய்ய முடியும். ஆனால் அடி, பட்டினி, கட்டிப்போடுவது என்று ஏதாவது நடந்தால் அது வைத்தியமே அல்ல. அந்த இடத்தை விட்டு உடனே வேறு நல்ல இடத்துக்கு மாற்றுங்கள்.

4. சாப்பாட்டில் தெரியாமல் எதையும் கலக்காதீர்கள். குடிக்காமலிருக்க உதவும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் மூச்சுத் திணறல், வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குதல், இதயத்துக்கே ஆபத்து எல்லாம் வரலாம். அதனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர்தான் தர வேண்டும். பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது!

5. வீடு திரும்பிய பிறகு போகவேண்டிய தேதிகளை, குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி குறிப்பது போலக் குறித்து வையுங்கள். நன்றாக இருக்கும்போது தவறாமல் போக வேண்டும்.

6. சறுக்கினால், மறுநாளே அழைத்துப் போங்கள். பழையபடி தினக்குடியாக முற்றும் வரை காத்திருக்காதீர்கள்.

7. அடி உதை இருந்தால் உங்களுக்கும் குழந்தைக்கும் பாதுகாப்புதான் முதல் காரியம். அவர் சிகிச்சைக்கு வருவார் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

8. எங்கே போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ல் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவிலும் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் கேட்டார். “அவர்தான் நல்லா இருக்காரே, இன்னும் எதுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அங்க போயிட்டு வர்றீங்க?”

“நல்லா இருக்கணும்னுதான் அக்கா போறோம்” என்றேன்.

சாயங்காலம் கடைக்குக் காப்பி கொண்டு போனேன். என் பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கம்பியைச் சுற்றச் சுற்ற வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு...”

நாற்பத்தொன்பதையும் தாண்டி அவர் கை நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. காப்பி ஆறினாலும் பரவாயில்லை என்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.